எம்.எஸ்சி. சேரும் முன்பே ஒரு நோட்டு போடுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 28. குழந்தைகள் நலப் பிரிவில் எம்.எஸ்சி. படித்து, என்றாவது ஒரு நாள் பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. பிஎச்.டி. கட்டாயமா? வார்டில் கழித்த இந்த ஐந்து வருடம் கல்லூரியில் எதற்காவது உதவுமா, இல்லை வீண்தானா?

பதில்: வீண் இல்லை சகோதரி. நீங்கள் கையில் வைத்திருப்பதிலேயே பெரிய முதல் அதுதான். எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் விதிமுறைகளை முடித்துவிடலாம்.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டுப் படிப்பு. சேருவதற்கு பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண், மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். முடித்ததும் ட்யூட்டர், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிப்படியாக ஏற வேண்டும். மேல்படிக்குப் போக எம்.எஸ்சி.க்குப் பிறகு பத்து வருடமாவது ஆகும். பேராசிரியர் பதவிக்கு பிஎச்.டி. இருந்தால் நல்லது என்றுதான் இந்திய நர்சிங் கவுன்சில் விதி சொல்லி வந்திருக்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. விதிகள் மாறக்கூடிய காலம் என்பதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் புதிய அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், பிஎச்.டி. செய்யுங்கள். பதவிக்காக அல்ல, பதில் தெரியாத ஒரு கேள்வி உங்களிடம் இருந்தால்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் கல்லூரி நூலகங்களில் எம்.எஸ்சி. ஆய்வேடுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். எடுத்துப் பாருங்கள், பாதிக்குமேல் ஒரே அச்சு: தாய்மார்களுக்கு ஏதோ ஒன்றைப் பற்றி வகுப்பு எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் ஒரு வினாத்தாள் கொடுத்து, மதிப்பெண் கூடியதா என்று பார்ப்பது. நானும் அப்படித்தான் செய்தேன். வயிற்றுப்போக்கு பற்றி அறுபது தாய்மாருக்குப் பாடம் நடத்தினேன். மதிப்பெண் கூடியது. நடத்தினால் கூடத்தானே செய்யும்! அதனால் எந்த வார்டிலும் எந்தக் குழந்தைக்கும் எதுவும் மாறவில்லை. இரண்டு வருட உழைப்பு அப்படிப் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். உங்களுக்கு அது நேரக்கூடாது.

வேறு மாதிரி எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம். முப்பது வாரத்தில் பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறீர்கள். நிறைமாதக் குழந்தையாக இருந்தால் வீறிட்டு அழும். இது அழாது, அழத் தெம்பு இல்லை. புருவத்துக்கு நடுவே லேசாகப் புடைக்கும், கண்ணை இறுக்கும், மூக்கோரத்துக் கோடு ஆழமாகும். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 94இலிருந்து 86க்கு இறங்கும். “குழந்தை அமைதியாக இருந்தது” என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவார்கள். அது அமைதி இல்லை என்பது பக்கத்தில் நிற்கும் நர்சுக்குத் தெரியும்.

பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது. போதிய மயக்க மருந்து கொடுக்காமல் அறுவை சிகிச்சைகூடச் செய்திருக்கிறார்கள். இந்தூரில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவர், ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வுகளோடு 1980களில் அந்த நம்பிக்கையை உடைத்தார். சரி, வலி உண்டு. அழாத குழந்தையிடம் அதை எப்படி அளப்பது? கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக நர்சிங் பேராசிரியர் பானி ஸ்டீவன்ஸ், தன் சகாக்களோடு 1996இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார். அதன் பெயர் பிஐபிபி (Premature Infant Pain Profile), குறைமாதக் குழந்தையின் வலியை அளப்பது. ஏழே குறிகள்: கர்ப்பகால வயது, விழிப்பு நிலை, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, புருவப் புடைப்பு, கண் இறுக்கம், மூக்கோரக் கோடு. வாரம் குறைவாகப் பிறந்த குழந்தை வலியைக் குறைவாகத்தான் காட்டும் என்பதால், வயதுக்கே தனி மதிப்பெண் வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் செய்த வேலை என்று புரிந்தது. ஸ்டீவன்ஸ் அதோடு நிற்கவில்லை. ஊசிக்கு முன் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் வைத்தால் வலி குறைகிறதா என்று ஆய்வுகளைத் திரட்டினார். 2014இல் அளவுகோலையும் திருத்தி வெளியிட்டார். ஒரே இழை, பல வருடம். பேராசிரியர் வாழ்க்கை என்று நான் நினைப்பது இதைத்தான்.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு டூட்டி முடிந்ததும் “இது ஏன் இப்படி?” என்று தோன்றிய ஒன்றை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள். குழந்தையின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) எதுவும் வேண்டாம், கேள்வி போதும். தகவல் திரட்டுவதெல்லாம் பிறகு, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கித்தான். ஆறு மாதத்தில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அதுதான் உங்கள் ஆய்வேடு, முடிந்தால் பிஎச்.டி.யும்கூட.

வகுப்பிலும் இந்த ஐந்து வருடம் பேசும். மூக்கு வழியாக உணவுக் குழாய் போடும்போது எவ்வளவு நீளம் என்று பாடமாகச் சொல்ல யாராலும் முடியும். ஒன்றே கால் கிலோ குழந்தையின் மூக்கிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து மார்பெலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரைக்கும், தலை அசையாமல் பிடித்து அளந்து காட்டுவதற்குப் பழகிய கை வேண்டும். மாணவிகள் மறக்காமல் வைத்துக்கொள்வது அந்தக் கையைத்தான்.

அப்புறம் கல்லூரி. கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவிகளைக் குழந்தைகள் பிரிவில் எங்கே அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை படுக்கை, கடந்த மூன்று வருட ஆய்வேட்டுத் தலைப்புகள் என்ன என்று கேளுங்கள். எம்.எஸ்சி. முடித்து வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் உண்டு. நான் ஒரு முறை கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கப் பதினோரு மாதம் அலைந்தேன். சரிபார்க்கக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். சேர்ந்த பிறகும் வாரத்தில் ஒரு நாளாவது வார்டில் நிற்கக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இப்போதைய மருத்துவமனையிலிருந்து பணிச் சான்றிதழ் வாங்கும்போது வெறும் “ஸ்டாஃப் நர்ஸ்” என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று தெளிவாகப் போட்டுக் கேளுங்கள். பின்னால் ஒவ்வொரு நேர்காணலிலும் அந்தத் தாளைத்தான் முதலில் புரட்டுவார்கள்.