குளிர்கால வகுப்பை விட்டுவிடாதே, தம்பி

தம்பி, திருப்பாலைக்குடி என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நான் பக்கத்துத் தேவிபட்டினம். இப்போது ஊரில்தான் இருக்கிறேன், ஜனவரியில் கவாத்து, அதாவது மரக்கிளை வெட்டும் வேலை, தொடங்குவதற்குள் கனடா திரும்பிவிடுவேன்.

ஒண்டாரியோவில் ஜார்ஜியன் வளைகுடா பக்கம் ஆப்பிள் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, முதலாளி குளிர்காலத்தில் பூச்சிமருந்து வகுப்புக்கும் கவாத்துப் பயிற்சிக்கும் போகச் சொல்கிறார், அதற்குப் போவதா அல்லது அந்த நாலு மாதமும் டொராண்டோவில் கிடங்கு வேலை பார்த்து நாலு காசு சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை, அரிசி, மீன், குளிர் என்று வேறு கேள்விகள். அதெல்லாம் போனால் தானாகத் தெரிந்துவிடும். அரிசி எங்கும் கிடைக்கும், நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். நான் சொல்ல வந்தது வகுப்பைப் பற்றி.

முதலில் உன் வேலை பெர்மிட்டை எடுத்துப் படி. அதில் ஒரே முதலாளியின் பெயர் இருந்தால் வேறு இடத்தில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். "எல்லாரும் செய்றாங்க, கேஷா வாங்கிக்கலாம்" என்று சொல்ல நம்ம ஆட்களே இருப்பார்கள். மாட்டினால் அவர்கள் யாரும் உன்னோடு வந்து நிற்கப் போவதில்லை. அதே போல, முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் அனுமதிக் கட்டணத்தை உன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடிக்கிறேன் என்று ஏஜெண்ட் சொன்னால் அந்த ஆளை நம்பாதே.

இனி வகுப்பு. நான் முதலில் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு வகுப்பும் கிடையாது. வந்த முதல் வசந்தத்திலேயே மருந்து டேங்கைக் கலக்க விட்டார்கள், கையுறை கூடத் தரவில்லை. முழங்கை வரைக்கும் தோல் தடித்துப் போய், ராத்திரி தூங்க முடியாமல் பனித்தண்ணியில் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். கேட்டதற்கு "சோப்புப் போட்டுக் கழுவு" என்றார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்காது. ஒண்டாரியோவில் தோட்டக்காரர்களுக்கான மருந்துப் பாதுகாப்பு வகுப்பை குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ரிட்ஜ்டவுன் வளாகம் நடத்துகிறது. சர்டிபிகேட் 5 வருஷம் செல்லும், அப்புறம் திரும்பவும் தேர்வு எழுத வேண்டும். அங்கே மருந்து டப்பா லேபிளில் எழுதியிருப்பது வெறும் அறிவுரை இல்லை, சட்டம். அடித்தபின் எத்தனை நேரம் கழித்து மர வரிசைக்குள் போகலாம், பறிப்பதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கேப்டன் (Captan) என்கிற பூஞ்சை மருந்தையும் மரத்துக்கு அடிக்கிற எண்ணெயையும் கிட்டக்கிட்ட அடித்தால் இலை கருகிவிடும்.

இன்னொன்று, நீ தாடி வைத்திருந்தால் இப்போதே முதலாளியிடம் சொல்லிவிடு. சுவாசக் கவசம் முகத்தோடு ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் காற்றுப் புகும். பொருந்துகிறதா என்று பார்க்கத் தலைக்கு மேல் ஒரு கூடு மாட்டி, அதற்குள் கசப்பு மருந்தைப் புகை மாதிரி தெளிப்பார்கள். தலையை ஆட்டச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். நாக்கில் கசந்தால் கவசம் சரியில்லை என்று அர்த்தம். தாடியை எடுக்க மனமில்லையா, மோட்டார் வைத்துக் காற்றை உள்ளே தள்ளுகிற தலைக்கூடு உண்டு, அதைக் கேட்டு வாங்கு. கேட்பதற்குக் கூச்சப்படாதே.

மருந்து மட்டும் இல்லை. ஆப்பிளுக்குப் பெரிய எதிரி ஸ்கேப் என்கிற சொறிநோய். போன வருஷம் உதிர்ந்த இலையில் பனிக்கு அடியில் கிடந்து, வசந்த மழையில் பூஞ்சை வித்துகளைக் கிளப்பிவிடும். இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது, வெப்பம் எவ்வளவு என்று பார்த்துத்தான் நோய் பிடிக்குமா என்று கணக்குப் போடுவார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் என்ற ஆய்வாளர் 1944-ல் போட்ட அட்டவணை, நோய் பிடிக்க 18 முதல் 24 டிகிரியில் 9 மணி நேர ஈரம் வேண்டும் என்றது. பின்னால் வந்த ஆய்வு அதை 6 மணி நேரமாகக் குறைத்துவிட்டது. பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பவர் மூன்று மணி நேரம் பிந்திப் போவார். இருபது வருஷம் மரத்தோடு வாழ்ந்தவர்கள் கூட ஏன் ஒவ்வொரு குளிர்காலமும் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

உறைபனியும் அப்படித்தான். பூ முழுதும் விரிந்திருக்கும்போது மைனஸ் 2.2 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பூ சாகும், மைனஸ் 3.9-ல் பத்தில் ஒன்பது சாகும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு டிகிரி கூட இல்லை. 2012-ல் மார்ச்சிலேயே வெயில் அடித்து மொட்டெல்லாம் முந்திக்கொண்டது, ஏப்ரல் பனி வந்து ஒண்டாரியோ ஆப்பிளில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அந்த வருஷம் ஒரு பூவை நகத்தால் கீறிக் காட்டினார்கள், வெளியே ரோஜா நிறம் மாறாமல் அழகாக இருந்தது, உள்ளே காயாக வேண்டிய நடுத்தண்டு கரிக்கட்டை. வகுப்பில் சொல்லித் தராவிட்டால் அந்த மரத்தைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

நம்ம கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, இன்ஜினைப் பிரித்து மாட்டி, வலையைச் சரிபார்க்கிறார்கள். ஆப்பிள்காரர்களுக்கு அந்தக் காலம் ஜனவரி, பிப்ரவரி.

நம்ம ஊரில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள். இரண்டு வருஷம், கொஞ்சம் பணம், திரும்பி வந்து வீடு கட்டுவது என்ற கணக்கு. அதில் தப்பு சொல்ல மாட்டேன், என் அத்தாவும் அப்படித்தான் எங்களை வளர்த்தார். ஆனால் அந்தக் கணக்கோடு கனடா வருகிறவர்கள் மணிக்கு எவ்வளவு என்பதைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. "ஆப்பிள் பறிக்கவா டிகிரி படிச்ச?" என்று டொராண்டோவுக்குப் பக்கத்து பிராம்ப்டனில் ஒருத்தர் என்னைக் கேட்டார். அவர் அன்று வேலை பார்த்த அதே கிடங்கில் இன்னும் இரவு ஷிப்ட் பார்க்கிறார். நான் இன்று எந்த வரிசைக்கு எப்போது மருந்து, எந்த ரகத்தை எந்த அறையில் வைப்பது என்று முடிவெடுக்கிறேன். ஹனிகிரிஸ்ப் ரக ஆப்பிளைப் பறித்ததும் நேரே குளிர் அறையில் தள்ளினால் உள்ளே பழுப்பாகிக் கெட்டுப்போகும், 10 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, பிறகுதான் 3 டிகிரிக்கு இறக்க வேண்டும். இதையும் ஒரு பிப்ரவரி வகுப்பில்தான் கற்றேன்.

எனக்கு முதலில் வகுப்பைப் பற்றிச் சொன்னவர் ஜமைக்காக்காரர், வருஷா வருஷம் பறிப்புக்கு வருகிறவர். குளிர்காலத்தில் அவர் ஊருக்குப் போயாக வேண்டும், அதனால் அவருக்கு அந்த வகுப்பில் உட்காரக் கொடுத்து வைக்கவில்லை. "நீ இங்கேயே இருக்கிறாய், போய் முன்வரிசையில் உட்கார்" என்றார். போனேன். ஊர் மன்றத்தில் இரும்பு நாற்காலி, வெளியே பனி, உள்ளே எழுபது வயசு விவசாயிகள் காப்பியோடு. ஆங்கிலம் பாதி புரியவில்லை. படத்தை வரைந்துகொண்டேன், பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் தன் நோட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதனால் இந்த வாரமே முதலாளியிடம் பேசு: வகுப்புக் கட்டணம் யார் கட்டுவது, வகுப்பு நாளுக்குச் சம்பளம் உண்டா, சர்டிபிகேட் உன் பெயரில் வருமா. பிப்ரவரியில் நயாகரா ஃபால்ஸில் பழ, காய்கறி மாநாடு நடக்கும், அதற்கும் கூட்டிப்போகச் சொல். கவாத்து வேலைக்கு முதல்முறை போகும்போதே சொந்தக் கத்தரிக்கோல் கொண்டுபோ, தோட்டத்தில் கொடுப்பது மழுங்கலாக இருக்கும்.