எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை, அப்புறம் எதற்கு மாவுக்கட்டு?

6 வயதுப் பையன் கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கிவிட்டது, படத்தில் விரிசல் எதுவும் இல்லை, ஆனால் எலும்பு டாக்டர் படத்தின் மேல் கோடு போட்டுப் பார்த்து, "பின்னால் கறுப்பு நிழல் தெரியுது" என்று மாவுக்கட்டு போடச் சொல்கிறார், காசுக்காகச் சொல்கிறாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லைங்க, கோபி பக்கம் எக்ஸ்ரே எடுக்கிறவன். எனக்குத் தெரிந்த வரை அவர் சொன்னது சரி.

அந்த வயதில் முழங்கை மூட்டு பெரும்பாலும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் விழாது. மேற்கை எலும்பின் அடியில் இருக்கும் காபிடெல்லம் என்ற குமிழ் 1 வயது வாக்கில் தெரியும், ரேடியஸின் (முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) தலை 3 வயதில், முழங்கையைச் சுற்றி மீதி இருக்கும் நாலு எலும்பு முனைகளும் 5, 7, 9, 11 வயதில் என்று தோராயமாக ஒவ்வொன்றாக. அதனால் விரிசலை மட்டும் தேடினால் ஏமாந்துவிடுவோம், எது எதற்கு நேராக இருக்கிறது என்றும் பார்க்கணும்.

பக்கவாட்டுப் படத்தில் மேற்கை எலும்பின் முன்விளிம்பை ஒட்டிக் கீழே ஒரு கோடு இழுத்தால், அது குமிழின் நடுப்பகுதி வழியாகப் போக வேண்டும் (4 வயதுக்குள் கொஞ்சம் முன்னால் போனாலும் தப்பில்லை). குமிழ் கோட்டுக்குப் பின்னால் தள்ளிக் கிடந்தால் மூட்டுக்குச் சற்று மேலே உடைந்திருக்கிறது, குழந்தைகளுக்கு முழங்கையில் அதிகம் உடைவதே அங்கேதான். இன்னொரு கோடு ரேடியஸின் கழுத்து நடுவே இழுப்பது, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் குமிழில் போய் முட்டணும்.

தொட்டித் திண்டிலிருந்து விழுந்த ஒரு பாப்பாவுக்கு வேறு ஓரிடத்தில் முன்கையை மட்டும் படம் எடுத்து, அல்னா (முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு) லேசாக வளைந்திருக்கிறது என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். 3 வாரம் கழித்துக் கை மடங்கவில்லை என்று எங்களிடம் வந்தபோது முழங்கையையும் சேர்த்து எடுத்தேன், கோடு குமிழைத் தொடவே இல்லை. ரேடியஸ் தலை விலகியே கிடந்திருக்கிறது. கடைசியில் கோயமுத்தூரில் ஆபரேஷன்.

ஆனால் படம் கோணலாக விழுந்தால் கோடும் பொய் சொல்லும். தோளும் முழங்கையும் ஒரே மட்டத்தில், கை 90 டிகிரி மடங்கி, கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். அழுகிற பிள்ளையிடம் இது நடக்கிற காரியமா? அப்புச்சிக்கு ஈய ஏப்ரனை மாட்டி மடியில் உட்கார வைத்தால், "ஆட்டாம இரு சாமி, முட்டாய் வாங்கித் தாரேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிடணும். மேற்கை எலும்பின் அடிப்பகுதி 8 மாதிரி விழுந்திருந்தால் படம் சரி, இல்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் கறுப்பு நிழல் கொழுப்பு. மூட்டுக்குள் ரத்தம் கட்டினால் அது கொழுப்பை வெளியே தள்ளும். முன்பக்கம் லேசாகத் தெரிவது சகஜம், மடக்கி எடுத்த படத்தில் பின்பக்கம் தெரிந்தால் உள்ளே முறிவு இருக்கலாம் என்றுதான் வைத்தியம் பார்ப்பார்கள். 10, 14 நாள் கழித்து எடுக்கும் படத்தில் புது எலும்பு வளர்வது தெரிந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதற்கு நடுவில் வீட்டில் யாராவது எண்ணெய்க்கட்டு, மூங்கில் பத்தை என்று ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். மாவுக்கட்டு போட்டாலும் விரல் வெளுத்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டினால் அலறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் கூட்டிப் போங்கள். அடுத்த படம் எடுக்கப் போகும்போது இந்தப் பழைய படத்தையும் கையோடு கொண்டு போங்க, பாதிப் பேர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.