சலித்துப்போன குதிரையும் ராஜபார்ட் பெரியவரும்

கேள்வி: விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகன், எந்நேரமும் குடித்துக்கொண்டும் அலுத்துக்கொண்டும் திரியும் ஒரு குதிரையின் கார்ட்டூன் தொடரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான், சில நேரம் பேச்சின்றி உட்கார்ந்துவிடுகிறான். நகைச்சுவைத் தொடரின் நாயகன் ஏன் இப்படி வாழ்க்கை வெறுத்தவனாக இருக்க வேண்டும்?
(வாசகி ஒருவர், மன்னார்குடி)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2014 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ என்றே எண்ணுகிறேன். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூன்று அநாதைக் குழந்தைகளை வளர்க்கும் குதிரையாக நடித்து 1990களில் பெரும்புகழ் பெற்றவன், அந்தத் தொடர் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் மலைமேல் உள்ள வீட்டில் அமர்ந்து தன் பழைய காட்சிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த ஆளைக் காவிரிக் கரையில் எனக்கு முன்பே தெரியும். சிறு வயதில், கும்பகோணத்தில் எங்கள் தெருமுனைக் காப்பிக் கடைக்கு ராஜபார்ட் போட்ட பெரியவர் ஒருவர் தினமும் வருவார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள், புதிய நடிகர்கள் அத்தனை பேரையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்துக்கட்டிவிட்டு, “எல்லாம் பார்த்தாச்சு தம்பி” என்பார். ஆனால் யாராவது அரிச்சந்திரன் மயான காண்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கூனிய முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அந்த நிமிர்வைப் பார்த்த பிறகு அவருடைய அலுப்பை நான் முழுதாக நம்பியதில்லை. போஜாக்கின் நகைச்சுவையும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது: எதுவுமே வேண்டாம் என்று சலித்துக்கொள்பவன், தன்னை யாராவது அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்களா என்று அடுத்த நொடியே சுற்றுமுற்றும் பார்க்கிறான்.

வழக்கமான கார்ட்டூனில் சம்மட்டியடி பட்ட பூனை அடுத்த காட்சியிலேயே எழுந்து ஓடும். இங்கே அப்படி இல்லை. முதல் பருவத்தில், ஒரு பெண்ணின் மனத்தைக் கவர்வதற்காக, போஜாக், மலைச்சரிவில் ‘ஹாலிவுட்’ என்று ஊர்ப்பெயரைக் காட்டி நிற்கும் பெரிய ஆங்கில எழுத்துகளில் கடைசியான ‘டி’யைத் திருடிவிடுகிறான். அதன் பிறகு ஊரின் பெயரே ‘ஹாலிவூ’ என்றாகிவிடுகிறது. வெகுகாலம் கழித்து மாற்று எழுத்து வரவழைத்தால், தவறுதலாக ‘பி’ வந்து சேர்கிறது. செய்த பிழை அத்தியாயம் முடிந்த பிறகும் அங்கேயே கிடப்பதால்தான், இவனுடைய களைப்பு வெறும் பாவனையாகத் தெரியவில்லை.

உங்கள் மகன் பேச்சின்றி அமர்ந்தது ஐந்தாம் பருவத்தில், 2018இல் வந்த ஓர் அத்தியாயத்தின்போது இருக்கலாம். தன்மேல் அன்பே காட்டாத தாயின் சவப்பெட்டிக்கு அருகில் நின்று போஜாக் பேசுகிறான். ஏறக்குறைய முழு அத்தியாயத்தையும் போஜாக்குக்குக் குரல் கொடுத்த நடிகர் வில் ஆர்னெட்டின் குரல் ஒன்றே சுமக்கிறது. நம் பக்கத்து ஒப்பாரியில், இறந்த மாமியாரை ஏசிக்கொண்டே மருமகள் அழுவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல. இத்தனையும் பேசித் தீர்த்த பிறகுதான், தான் நிற்பது வேறு யாருடைய இறுதிச் சடங்கிலோ என்பது அவனுக்குத் தெரிகிறது. நான் சிரித்தேன், சிரித்ததற்காகச் சற்றுக் கூசவும் செய்தேன்.

கேள்வி: கார்ட்டூன்தானே, எட்டு வயதுப் பேத்தியும் உடன் அமர்ந்து பார்க்கலாமா?
(வாசகர் ஒருவர், திருவையாறு)

பதில்: வேண்டாம் ஐயா. லிசா ஹானவால்ட் வடிவமைத்த விலங்கு முகங்கள் குழந்தைகள் புத்தகத்துப் படங்களைப் போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பவை குடியும் போதை மருந்தும்தான். பேத்தி தூங்கிய பிறகு நீங்கள் பாருங்கள்.