இன்சாஸிலிருந்து ஏகே-203 வரை: ராணுவ ரைபிள் பற்றி ஒரு கேள்வி பதில்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது யூனிட்டின் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆளாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தியத் தரைப்படையின் புது ரைபிள் பற்றிக் கேட்டவர்கள் நிறைய. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஏற்கெனவே செய்தியில் வந்த விஷயங்கள்தான். ரகசியம் எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: சார், இன்சாஸ் நாமே வடிவமைத்த துப்பாக்கி. அதை ஓரங்கட்டிவிட்டு ரஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும் போவானேன்?

இன்சாஸை ரொம்பத் திட்டவும் வேண்டாம், தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 1980களில் புனேயில் உள்ள ஏ.ஆர்.டி.இ. என்ற அரசு ஆயுத ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்தது. அதற்கு முன்னால் நம் காலாட்படை கையில் இருந்தது 7.62 எஸ்.எல்.ஆர். என்ற பழைய ரைபிள். நீளம், கனம், சுட்டால் தோளில் நல்ல உதை. உலகமே 5.56 மி.மீ. தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் நாமும் மாற நினைத்தது சரியான முடிவு. உள்ளே ரஷ்யாவின் ஏகே (கலாஷ்னிகோவ்) பாணி இயக்கம், எஸ்.எல்.ஆரில் இருந்தது போல கேஸ் ரெகுலேட்டர் (துப்பாக்கியை இயக்கும் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) என்று நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தார்கள்.

சிக்கல் வடிவமைப்பை விடத் தயாரிப்பில் அதிகம். கார்கில் உச்சிகளில் 1999இல் குளிரில் பிளாஸ்டிக் மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) விரிசல் விட்டது. ஒரு அழுத்துக்கு மூன்று தோட்டா மட்டும் போகும் ‘பர்ஸ்ட்’டில் வைத்தால் சில துப்பாக்கிகள் நிற்காமல் சுட்டன. சுடுபவர் கண்ணில் எண்ணெய் தெறிக்கிறது என்ற புகார் வந்தது. நம்மிடம் வாங்கிய நேபாள ராணுவமும் 2005இல் வெளிப்படையாகக் குறை சொன்னது. பிறகு திருத்தங்கள் செய்தார்கள், பல குறைகள் சரியாயின. ஆனால் காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்பு வேலைக்குப் போகிறவன் ஏகே கிடைத்தால் இன்சாஸைக் கோத்தில் (யூனிட்டின் ஆயுத அறையில்) வைத்துவிட்டுத்தான் போவான் என்ற நிலை மாறவில்லை. ஜவானுக்கு ஒரு துப்பாக்கியின் மேல் நம்பிக்கை போனால் போனதுதான். எத்தனை திருத்தம் செய்தாலும் திரும்புவது கஷ்டம்.

கேள்வி: உலகத்திலேயே நல்ல ரைபிள் எது என்று பார்த்து அதை வாங்கிவிட வேண்டியதுதானே? இதற்கு எதற்கு இருபது வருஷம்?

நல்ல ரைபிள் எது என்பது ஐந்தாவதோ ஆறாவதோ வர வேண்டிய கேள்வி. எங்கே சண்டை, எவ்வளவு தூரத்தில், எந்தத் தோட்டா, அந்தத் தோட்டாவை யார் எங்கே தயாரிப்பது, பத்து வருஷம் கழித்து ஸ்பிரிங்கும் ஃபயரிங் பின்னும் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் முதலில். இதற்கெல்லாம் விடை எழுதி வைக்கும் தாளுக்கு ராணுவத்தில் ஜி.எஸ்.கியூ.ஆர். என்று பெயர். தேவைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் நாம் தடுமாறியது இந்தத் தாளில்தான்.

2011இல் டெண்டர் விட்டபோது கேட்டது என்ன தெரியுமா? பேரலை (துப்பாக்கிக் குழலை) மாற்றினால் ஒரே துப்பாக்கி 5.56 தோட்டாவையும் சுட வேண்டும், ஏகேயின் 7.62×39 (விட்டமும் கூட்டின் நீளமும், மி.மீ.இல்) தோட்டாவையும் சுட வேண்டும். கல்யாணத்துக்கும் கழனிக்கும் ஒரே செருப்பு கேட்ட மாதிரி. இத்தாலியின் பெரெட்டா, இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ., அமெரிக்காவின் கோல்ட் என்று பெரிய கம்பெனிகள் வந்தன. பேரல் மாற்றினால் ஜீரோயிங் (குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்தது) மாறும், மறுபடி ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். மேகஸின் இரண்டு செட். உபரிப் பேரலைச் சுமப்பது யார், கோத்தில் அதற்குக் கணக்கு வைப்பது யார்? ரோந்து போகும் ஜவான் பாறை மறைவில் உட்கார்ந்து பேரல் மாற்றப் போவதில்லை. நாலு வருஷம் இழுத்து 2015இல் டெண்டரை ரத்து செய்தார்கள்.

அடுத்த வருஷமே தேவை மாறியது. இப்போது 7.62×51, அதாவது நேட்டோ நாடுகளின் பெரிய தோட்டா வேண்டும் என்றார்கள். 2017இல் மேற்கு வங்காளத்தில் உள்ள அரசின் இஷாபூர் தொழிற்சாலை அந்த அளவில் செய்து கொடுத்த ரைபிள் பரிசோதனையில் தேறவில்லை. அப்புறம் பெரும்பான்மைப் படைக்கு என்று தேர்வானது ரஷ்யாவின் ஏகே-203, தோட்டா 7.62×39. சில ஆண்டுகளுக்குள் தேவை இரண்டு தடவை மாறினால் எந்தக் கம்பெனி வந்து என்ன செய்யும்?

கேள்வி: 5.56 தோட்டா ஆளைக் கொல்லாது, காயம்தான் படுத்தும். காயம்பட்டவனைத் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், அதனால் மூன்று பேர் குறைவார்கள் என்பதுதான் அதன் தத்துவம் என்கிறார்களே?

இந்தக் கதையை நான் பாரக்கிலும் கேட்டிருக்கிறேன், டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன். கொல்லக் கூடாது என்று யாரும் தோட்டா வடிவமைக்கவில்லை. காரணம் எடை. 5.56 ரவுண்டு ஒன்று சுமார் 12 கிராம். 7.62×51 சுமார் 24 கிராம். ஏகேயின் 7.62×39 இரண்டுக்கும் நடுவில், 16 கிராமுக்குச் சற்று மேல். இருநூறு ரவுண்டு சுமக்கிறவனுக்கு முதலாவதில் இரண்டரைக் கிலோ கூட வராது, இரண்டாவதில் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. மலை ஏறிப் பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் புரியும். உதையும் குறைவு என்பதால் புதிதாகச் சேர்ந்தவனும் சீக்கிரம் குறி பழகுவான்.

பெரிய தோட்டாவுக்கும் நியாயம் உண்டு. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஒரு முகட்டிலிருந்து எதிர் முகட்டைப் பார்த்துச் சுட வேண்டியிருக்கும். ஐந்நூறு, அறுநூறு மீட்டரில் 7.62×51 தோட்டாவில் இருக்கும் வலு 5.56இல் இருக்காது. ஏகே தோட்டா கிட்டத்தில் முரட்டடி அடிக்கும், முந்நூறு மீட்டருக்கு மேல் வேகமாகத் தாழ ஆரம்பிக்கும். காட்டிலும் வீடு வீடாகத் தேடும் வேலையிலும் அந்த முந்நூறு மீட்டரே தாராளம். மூன்றில் எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது.

கேள்வி: அதனால்தான் 7.62×51 சுடும் அமெரிக்கச் சிக் 716, ஏகே-203 என்று இரண்டு வாங்கினார்களா? குழப்பமாக இல்லையா?

ஆமாம், அதனால்தான். 2019 பிப்ரவரியில் 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம். அவசர வாங்கல் முறையில் வந்தவை, பெரும்பாலும் எல்லையில் நேருக்கு நேர் நிற்கும் காலாட்படைக்கு. 2024 ஆகஸ்டில் இன்னொரு 73,000க்கு ஒப்பந்தம். மீதிப் பேருக்கு உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டத்தில் கோர்வா என்ற இடத்தில் தயாராகும் ஏகே-203. 2021 டிசம்பரில் போட்ட ஒப்பந்தப்படி 6,01,427 துப்பாக்கிகள்.

குழப்பம் உண்டு, மறுக்கவில்லை. இன்சாஸ் முழுதாகப் போகும்வரை படையில் மூன்று விதத் தோட்டா ஓடும். சப்ளை பார்க்கிறவனுக்குத் தலைவலிதான். ஒரு ஆறுதல், இஸ்ரேலிடமிருந்து வாங்கிய நெகேவ் என்.ஜி-7 லைட் மெஷின்கன்னும் 7.62×51 தோட்டாதான். சிக் 716 வைத்திருக்கும் பிரிவில் துப்பாக்கிக்கும் மெஷின்கன்னுக்கும் ஒரே ரவுண்டு. பெட்டி வேறு, பெல்ட் வேறு, ஆனால் அவசரத்துக்குப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு துப்பாக்கி என்ன விலை?

சிக் முதல் தவணை சுமார் 647 கோடி ரூபாய். வகுத்தால் ஒன்று 90,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவது தவணை 837 கோடி, ஒன்று 1.15 லட்சம் பக்கம். ஏகே-203 ஒப்பந்தம் 5,000 கோடிக்கு மேல், ஒன்று 85,000 அளவில் வரும். ஆனால் ஏகே விலைக்குள் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்கும் செலவும் கலந்திருக்கிறது, நேராக ஒப்பிடாதீர்கள். மேலே பொருத்தும் சைட் (குறி பார்க்கும் கருவி), பயிற்சிக்குச் சுடும் ரவுண்டு எல்லாம் தனிச் செலவு.

கேள்வி: அண்ணே, எங்கள் ஊர் திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஏகே மாதிரியே ஒன்று செய்கிறார்களே, அதை வாங்கினால் ஆகாதா?

நியாயமான ஆதங்கம். திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 1966இல் தொடங்கியது. இன்சாஸ் செய்த மூன்று ஆலைகளில் அதுவும் ஒன்று, மற்றவை இஷாபூரும் கான்பூரும். நீங்கள் சொல்வது ‘டார்’, அதாவது திருச்சி அசால்ட் ரைபிள். 7.62×39 தோட்டா, பழைய ஏகே பாணி. மத்தியக் காவல் படைகளையும் மாநிலப் போலீஸையும் மனதில் வைத்துச் செய்தது.

தரைப்படை எதிர்பார்த்தது புதுத் தலைமுறை ஏகே. மேலே சைட் பொருத்த நீளமான ரெயில், நீட்டிக் குறைக்கவும் மடக்கவும் கூடிய பட் (தோளில் வைக்கும் பின்பகுதி). பழைய ஏகேயின் பெரிய குறையே சைட் உறுதியாக உட்கார இடம் இல்லாததுதான். மேல் மூடி ஆடும், அதன் மேல் வைத்த சைட்டும் ஆடும். ஏகே-203இல் அந்த மூடியை இறுக்கிப் பூட்டும்படி செய்திருக்கிறார்கள். இது வெளியே தெரியாத சின்ன மாற்றம், ஆனால் என் போன்ற ஆர்மரருக்கு இதுதான் முக்கியம்.

இன்னொன்று, இஷாபூர் துப்பாக்கி தேறாமல் போன பிறகு நம் ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டில் படைக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோர்வா ஆலையின் கூட்டு நிறுவனத்தில் 50.5 சதவீதப் பங்கு இந்திய அரசுப் படைக்கல நிறுவனங்களுக்குத்தான். கலாஷ்னிகோவ் நிறுவனத்துக்கு 42, ரஷ்ய அரசின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபோரோன் எக்ஸ்போர்ட்டுக்கு 7.5. அப்படியானால் திருச்சியில் உள்ள அனுபவசாலிகளை வைத்து இதையே செய்திருக்கலாமே என்று கேட்டால், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.

கேள்வி: கோர்வாவில் பிரதமர் 2019 மார்ச்சிலேயே தொடங்கி வைத்தார். பிறகு ஏன் அவ்வளவு தாமதம்?

தொடக்க விழா நடந்தது, ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. விலை பற்றி இரண்டே முக்கால் வருஷம் பேசினார்கள். கையெழுத்தான பிறகும் ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே செய்யக் கற்க வேண்டும். பேரலும் போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எளிதில் வந்துவிடாது. 2024 ஜூலை வாக்கில் 35,000 துப்பாக்கிகள் கொடுத்ததாக அறிவித்தார்கள். ஆறு லட்சத்தில் அது ஆரம்பப் படிதான்.

கேள்வி: வெளிநாடுகளில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா?

ஜெர்மனியைப் பாருங்கள். அவர்கள் ராணுவ ரைபிளான ஜி-36 சூடானால் குறி விலகுகிறது என்று பெரிய சர்ச்சை, 2015இல் அதை மாற்றியே தீர வேண்டும் என்று அமைச்சரே சொன்னார். 2020 செப்டம்பரில் ஹேனல் கம்பெனியின் துப்பாக்கியைத் தேர்வு செய்தார்கள். தோற்ற ஹெக்லர் அண்ட் கோச் கம்பெனி காப்புரிமைப் பிரச்சினை எழுப்ப, அடுத்த மாதமே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் ஹெக்லர் அண்ட் கோச்சின் 416 ரகம்தான் போனது.

அமெரிக்காவின் எம்-16 கதை இன்னும் கசப்பானது. வியட்நாம் போருக்கு நடுவில் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தை வேறு வகைக்கு மாற்றினார்கள். துப்பாக்கி அந்த மருந்துக்குச் சோதிக்கப்படவில்லை. சுடும் வேகம் கூடியது, உள்ளே கரி படிந்தது. சேம்பருக்கு (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதிக்கு) குரோமியம் பூசவில்லை, அந்த ஈரத்தில் துரு பிடித்தது. துடைக்கவே தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சு வேறு, துடைக்கும் சாமான்களும் போதுமான அளவு போகவில்லை. சுட்ட ரவுண்டின் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டு வீரர்கள் இறந்தார்கள். 1967இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. குரோமியம் பூசி, துடைக்கும் சாமான் கொடுத்து, பயிற்சியும் கொடுத்த பிறகு அதே துப்பாக்கி பல பத்தாண்டு ஓடியது. ஆகவே துப்பாக்கியைப் பரிசோதித்தேன் என்று யாராவது சொன்னால், எந்தத் தோட்டாவை வைத்து என்று கேளுங்கள். நம் ஆலைத் தோட்டாவில் சோதித்தார்களா, கம்பெனி கொண்டுவந்த தோட்டாவிலா? விடை எப்போதும் ஒன்றாக இருக்காது.

கேள்வி: அமெரிக்கா 6.8 மி.மீ.க்கு மாறுகிறதே, நாமும் மாறலாமா?

வேண்டாம். கவசத்தைத் துளைக்கும் வலு அதற்கு உண்டு, சரி. ஆனால் அதைச் சுடும் அமெரிக்காவின் புது ரைபிளான எம்-7க்கு இருபது ரவுண்டு மேகஸின். ஒரு வீரர் சுமப்பது 210 ரவுண்டிலிருந்து 140ஆகக் குறைகிறது. சைலன்சரோடு துப்பாக்கி நாலரைக் கிலோ அளவுக்கு வருகிறது. மூன்று தோட்டாவோடு திண்டாடும் நமக்கு நாலாவது எதற்கு?

கேள்வி: இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏகே சரிவருமா?

சுடலாம். சேஃப்டி லீவரும் காக்கிங் பிடியும் (சுடத் தயாராக்க இழுப்பது) வலப்பக்கம், கூடு பறப்பதும் வலப்பக்கம். கொஞ்ச நாள் பழக வேண்டும். ஏகே-203இன் சேஃப்டி லீவரில் விரல் வைக்கச் சின்னத் திட்டு இருக்கிறது, அது வலது கைக்காரருக்குத்தான் உதவும்.

கேள்வி: டி.ஆர்.டி.ஓ. ‘உக்ரம்’ என்று ஒன்று காட்டியதே, அது என்ன ஆகும்?

2024 ஜனவரியில் காட்டினார்கள். 7.62×51 தோட்டா, நாலு கிலோவுக்குள் எடை, நூறு நாளுக்குள் உருவாக்கியதாகச் சொன்னார்கள். ஹைதராபாத்தின் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டு. வேகமாகச் செய்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் நூறு நாளில் செய்வது மாதிரித் துப்பாக்கி. லடாக் குளிரிலும் ராஜஸ்தான் மணலிலும் வடகிழக்கு மழையிலும் ஆயிரக்கணக்கில் சுட்டு, எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை ஸ்டாப்பேஜ் (சுடாமல் சிக்கி நிற்பது) வருகிறது என்று எண்ண வேண்டும். அப்புறம் வரிசையில் வரும் ஆயிரமாவது துப்பாக்கியையும் முதல் துப்பாக்கியையும் பிரித்து, போல்ட்டை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் அராவாமல் பொருந்தினால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து சுட்டுப் பார்க்கிறேன்.