வியன்னாவில் மோசார்ட், பீத்தோவன், ஷூபர்ட் குடியிருந்த வீடுகளைப் பார்க்கப் போகலாமா?

கேட்டவர் வியன்னாவில் மூன்று நாள் இருக்கப்போகிறாராம், மேற்கத்திய இசை ஓரளவு கேட்பவராம். அரண்மனைகள் போக மிச்ச நேரத்தை இசைமேதைகள் வாழ்ந்த வீடுகளுக்கும் கல்லறைகளுக்கும் ஒதுக்கலாமா, உள்ளே பார்க்க என்னதான் இருக்கும் என்பது கேள்வி.

வேலை நிமித்தமாகச் சில வருடம் அந்த ஊரில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். போங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் போகாதீர்கள். உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெள்ளையடித்த அறைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து காகிதங்கள், ஒரு பழைய பியானோ, மாட்டிக்கொண்டு கேட்க ஹெட்ஃபோன், அவ்வளவுதான். கட்டில், பீரோ, எழுதின மேசை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் இன்னொரு இசையமைப்பாளரான ஹைடன் ஒருவரைத் தவிர இவர்கள் எல்லாரும் வாடகைக்குக் குடியிருந்தவர்கள், காலி செய்துகொண்டு போனதும் அடுத்த குடித்தனம் வந்துவிட்டது. அதனால் நான் இவற்றை மேதைகளின் இல்லங்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு வாடகை வீடுகளாகவே பார்க்க ஆரம்பித்தேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை மாடி ஏறினார்கள், ஏன் காலி செய்தார்கள் என்று பார்த்தால் அந்தக் காலி அறைகளும் பேசும்.

மோசார்ட்டிலிருந்து தொடங்கலாம், எல்லாரும் முதலில் போவது அங்கேதான். ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னால் டோம்காஸே 5, முதல் மாடி. 1784 செப்டம்பரிலிருந்து 1787 ஏப்ரல் வரை இங்கே இருந்தார். வியன்னாவில் அவர் இருந்த வீடுகளில் இன்றும் நிற்பது இது ஒன்றுதான். வருட வாடகை அந்தக் காலப் பணத்தில் 460 கில்டன். அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரிய வேண்டுமானால், சொந்த ஊரான சால்ஸ்பர்க்கின் அரண்மனையில் ஆர்கன் வாசிக்க அவருக்குக் கொடுத்த சம்பளமே வருடத்துக்கு 450 கில்டன்தான். சம்பளத்தை விடப் பெரிய வாடகை! நாலு பெரிய அறைகள், சமையலறை, ஒரு அறையின் கூரை முழுக்கச் சுண்ணாம்புச் சிற்ப வேலை. மகன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க வந்த அப்பா லியோபோல்ட் வாடகைத் தொகையை மறக்காமல் மகளுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார், அப்பாக்கள் எங்கேயும் அப்பாக்கள்தான். 1785 பிப்ரவரியில் ஹைடன் இந்த வீட்டுக்கு வந்து, மோசார்ட் தனக்குச் சமர்ப்பித்த, நாலு பேர் வாசிக்கும் குவார்டெட்களில் சிலவற்றைக் கேட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த இசையமைப்பாளர்களிலேயே உங்கள் மகன்தான் பெரியவன் என்று அந்த அப்பாவிடம் சொன்னதும் அதே வருகையின்போதுதான். ஃபிகாரோவின் திருமணம் ஆபெரா எழுதியதும் இங்கே. பிறகு கட்டுப்படியாகாமல் புறநகரில் மலிவான இடத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் மூன்றே நாள் என்றால் இதன் உள்ளே போவதை நான் வற்புறுத்த மாட்டேன். கூட்டம் அதிகம், மேல் மாடிகளில் திரைகளும் விளக்கப் பலகைகளும்தான், வீடு என்று பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும். சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராவ்ஹென்ஸ்டைன்காஸே, 1791 டிசம்பர் 5 அன்று ரெக்வியம் என்ற இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசையைப் பாதியில் விட்டுவிட்டு அவர் இறந்த வீடு இருந்த இடம். இப்போது அங்கே ஒரு பெரிய துணிக்கடை, சுவரில் ஒரு நினைவுப் பலகை.

ஹைடன் வீடு ஆறாவது வட்டத்தில், ஹைடன்காஸே 19. இது சொந்த வீடு என்பதால் கதையே வேறு. அவர் லண்டனில் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நல்ல வீடு விலைக்கு வந்திருக்கிறது, நான் விதவையான பிறகு இருந்துகொள்வேன், பணம் அனுப்புங்கள் என்று மனைவி எழுதினாராம். ஹைடன் பணம் அனுப்பவில்லை, ஊருக்கு வந்ததும் நேரில் போய்ப் பார்த்தார், பிடித்துவிட்டது, 1793-இல் வாங்கி ஒரு மாடியும் எழுப்பினார். கடைசியில் மனைவி 1800-இல் முதலில் போனார், இவர் அந்த வீட்டில் 1809 வரை இருந்தார். படைப்பு, பருவங்கள் என்ற இரண்டு பெரிய ஒரடோரியோக்களும் (நடிப்பில்லாமல் பாடகர்களும் வாத்தியக் குழுவும் நிகழ்த்தும் பெரிய பாட்டுக்கதை) எழுபது வயதை நெருங்கும்போது இந்த வீட்டில் எழுதியவை. நெப்போலியன் படை 1809 மே மாதம் ஊரைக் குண்டு போட்டுப் பிடித்தபோது ஒரு குண்டு பக்கத்திலேயே விழ, ஹைடன் இருக்கும் இடத்தில் ஒன்றும் ஆகாது என்று வேலைக்காரர்களுக்குத் தைரியம் சொன்னாராம் கிழவர். ஊர் விழுந்த பிறகு ஒரு பிரெஞ்சு அதிகாரி வீடு தேடி வந்து படைப்பிலிருந்து ஒரு பாட்டைப் பாடிக் காட்டிவிட்டுப் போனார். மே 31 அன்று ஹைடன் காலமானார், வயது 77.

புதைத்த கொஞ்ச நாளில் மூளை அமைப்பை ஆராய்கிறோம் பேர்வழி என்று அவருடைய தலையைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், 1820-இல் உடலை ஐசன்ஷ்டாட் நகருக்கு மாற்றத் தோண்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது, அசல் மண்டையோடு உடலோடு போய்ச் சேர்ந்தது 1954-இல். அதனால் வியன்னாவில் ஹைடனுக்குச் சமாதி தேடாதீர்கள், முதலில் புதைத்த இடம் இப்போது ஹைடன் பூங்கா, பழைய கல் மட்டும் நிற்கிறது. வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் உட்காரலாம், கூட்டமே இருக்காது. பிற்காலத்து இசையமைப்பாளர் பிராம்ஸுக்கும் இதே வீட்டில் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள், பாவம், அவர் குடியிருந்த கார்ல்ஸ்காஸே வீட்டை 1907-இலேயே இடித்துவிட்டார்கள்.

பீத்தோவன் விஷயம் இதற்கு நேர் எதிர். 35 வருடத்தில் அவர் எத்தனை முறை வீடு மாறினார் என்று கணக்கெடுத்தவர்கள் அறுபதுக்கு மேல் சொல்கிறார்கள். கோடையில் கிராமம், குளிரில் நகரம், நடுவில் ஹௌஸ் ஓனரோடு சண்டை. ஊரில் பாதித் தெருவில் அவர் பெயரில் பலகை இருக்கும், எல்லாவற்றுக்கும் நின்றால் மூன்று நாள் போதாது. நகருக்குள் பார்க்க வேண்டியது மோல்கர் பாஸ்டை 8-இல் உள்ள பாஸ்குவலாட்டி வீடு. பல்கலைக்கழகத்துக்கு எதிரே, பழைய கோட்டைச் சுவரின் மிச்சத்து மேல். நாலாவது மாடி, சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டு, முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். 1804-க்கும் 1814-க்கும் இடையில் விட்டு விட்டு இங்கே இருந்தார், ஐந்தாம் சிம்பொனி, ஃபிடெலியோ ஆபெரா இரண்டுக்கும் இங்கே வேலை நடந்திருக்கிறது. திடீரென்று கோபித்துக்கொண்டு வேறு இடம் போய்விடுவார், ஆனால் சொந்தக்காரர் பாஸ்குவலாட்டி, பீத்தோவன் திரும்பி வருவார், இதை யாருக்கும் விடாதீர்கள் என்று காலியாகவே போட்டு வைப்பாராம். இப்படி ஒரு ஹௌஸ் ஓனர் யாருக்குக் கிடைப்பார்? ஒரு விஷயம், மியூசியமாக நாம் பார்ப்பது பக்கத்துப் பகுதி, அவர் இருந்த பகுதியில் இன்றும் யாரோ குடியிருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் கட்டாயம் போக வேண்டியது ஹைலிகன்ஷ்டாட். யூ-4 மெட்ரோவில் கடைசி நிறுத்தம், அங்கிருந்து 38ஏ பஸ். இப்போது நகரத்தோடு சேர்ந்துவிட்டது, அப்போது திராட்சைத் தோட்டம் சூழ்ந்த கிராமம். ப்ரோபுஸ்காஸே 6-இல் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றை பீத்தோவன் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். 1802-இல் காதுக்கு நல்லது என்று மருத்துவர் அனுப்பி வந்தவர், அக்டோபரில் எழுதிய அந்தப் புகழ்பெற்ற உயில் கடிதத்தின் நகல் இங்கே இருக்கிறது, அசல் ஹாம்பர்க்கில். தம்பிகள் இருவருக்கும் எழுதியது, ஆனால் அனுப்பவே இல்லை, இறந்த பிறகு அவர் காகிதங்களுக்குள் கிடைத்தது. பக்கத்தில் நிற்பவனுக்குத் தூரத்துப் புல்லாங்குழல் கேட்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று இருந்தேன், கலை ஒன்றுதான் தடுத்தது என்கிறார். அந்தப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். தலைப்பில் 'என் தம்பிகள் கார்ல்' என்று எழுதி, அடுத்த தம்பி ஜோஹான் பெயர் வர வேண்டிய இடத்தை வெற்றாக விட்டிருக்கிறார். கடிதத்துக்குள்ளும் அப்படியே இடம் விட்டு விட்டுப் போகிறார். ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், எனக்கு எதுவும் முழுசாகத் திருப்தி தரவில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பீத்தோவன்காங் என்ற ஓடைக்கரைப் பாதை. ஆறாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்கு ஓடைக்கரைக் காட்சி என்று அவரே பெயர் வைத்தார், அதைக் காதில் போட்டுக்கொண்டு நடங்கள். ஓடை இப்போது கால்வாய் மாதிரிதான், பரவாயில்லை. ஃபார்பிளாட்ஸ் 2-இல் அவர் 1817-இல் தங்கிய வீடு இப்போது ஒயின் விற்கும் உணவகம், பசித்தால் அங்கேயே உட்காரலாம்.

அப்புறம் ஷூபர்ட். எனக்கு ஊரிலேயே முக்கியமானவை இவருடைய இரண்டு வீடுகள்தான், இரண்டும் சின்னவை. நுஸ்டோர்ஃபர் ஷ்ட்ராஸே 54-இல் பிறந்த வீடு, பக்கா ஒண்டுக்குடித்தனம். பதினாறு குடித்தனங்கள், நடுவில் முற்றம், மாடியில் நீளமான தாழ்வாரம். பள்ளி ஆசிரியரான அப்பாவின் குடும்பம் மொத்தமும் ஒரு அறையிலும் ஒரு சமையலறையிலும் இருந்தது. அம்மா பெற்றது பதினாலு பிள்ளைகள், பிழைத்தது ஐந்து. 1797 ஜனவரி 31 அன்று ஷூபர்ட் பிறந்தது புகை மண்டும் அந்தச் சமையலறையில்தான் என்கிறார்கள், குளிர்காலத்தில் அடுப்பு எரியும் இடம் அதுதானே. அவருடைய மூக்குக் கண்ணாடியை இங்கே வைத்திருக்கிறார்கள். சின்ன வட்டக் கண்ணாடி, மெல்லிய கம்பி. தூங்கும்போதும் கழற்ற மாட்டார், எழுந்ததும் எழுத உட்கார வசதி என்று நண்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று கெட்டன்பிரூக்கன்காஸே 6, நாஷ்மார்க்ட் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடி. சொந்தமாக ஒரு வீடு என்று அவருக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை, நண்பர்கள் வீட்டிலேயே காலம் ஓடிவிட்டது. 1828 செப்டம்பரில் அண்ணன் ஃபெர்டினாண்ட் வீட்டுக்கு வந்தார். புதிதாகக் கட்டிய வீடு, ஈரம் காயவில்லை. வந்த மாதத்திலேயே கடைசி மூன்று பியானோ சொனாட்டாக்களையும் முடித்தார். நவம்பர் 12 அன்று இங்கிருந்து நண்பர் ஷோபருக்கு எழுதியதுதான் அவருடைய கடைசிக் கடிதம். பதினோரு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் தள்ளாடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஓர் அமெரிக்க நாவலாசிரியரின் நாலு கதையைப் படித்துவிட்டேன், வேறு ஏதாவது இருந்தால் காபிக் கடையில் கொடுத்துவை என்கிறார். ஒரு வாரத்தில், 19-ஆம் தேதி, முடிந்துவிட்டது. வயது 31. அந்த ஒடுக்கமான அறையில் நின்றுகொண்டு அந்த மூன்றில் கடைசியான பி ஃப்ளாட் சொனாட்டாவின் இரண்டாம் பகுதியைக் கேட்டால் போதும், வியன்னா வந்த செலவு கழிந்துவிடும் என்பது என் கட்சி.

கல்லறைகளில் ஒன்று மட்டும் என்றால் மத்திய கல்லறைத் தோட்டம், 71-ஆம் நம்பர் டிராம், இரண்டாம் வாசலில் இறங்குங்கள். 32ஏ பகுதியில் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், யோஹான் ஷ்ட்ராஸ் எல்லாரும் அடுத்தடுத்து. நடுவில் மோசார்ட்டுக்கு ஒரு சின்னம் உண்டு, அதற்குக் கீழே யாரும் இல்லை. பீத்தோவனும் ஷூபர்ட்டும் கூட முதலில் இங்கே இல்லை, வேரிங் என்ற இடத்துக் கல்லறைத் தோட்டத்தில் கிட்டக்கிட்டப் புதைத்து 1888-இல் இங்கே கொண்டுவந்தார்கள். பூக்களும் டூரிஸ்ட் கூட்டமுமாகக் கொஞ்சம் கண்காட்சி மாதிரி இருக்கும், அது எனக்கு ஒட்டவில்லை. எனக்குப் பிடித்தது சங்க்ட் மார்க்ஸ் கல்லறைத் தோட்டம், மோசார்ட்டை நிஜமாகவே புதைத்த இடம். எந்தக் குழி என்று யாருக்கும் தெரியாது, உத்தேசமான இடத்தில் உடைந்த தூணில் சாய்ந்தபடி ஒரு தேவதைச் சிலை. பக்கத்தில் நெடுஞ்சாலை இரைச்சல் ஓயாது, ஆனால் வசந்த காலத்தில் லைலாக் பூத்திருந்தால் அதையெல்லாம் மறந்துவிடுவீர்கள்.

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ரசிகர்களுக்கு ஒரு வரி: 1741-இல் இந்த ஊரில்தான் இறந்தார், புதைத்த மயானத்தின் மேல் இப்போது கார்ல்ஸ்பிளாட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது, பலகை மட்டும்தான்.

சரி, மூன்று நாளுக்கு எப்படிப் பிரிப்பது? ஒரு நாள் காலை கெட்டன்பிரூக்கன்காஸே, சந்தையில் சாப்பாடு, மதியம் ஹைடன் வீடு. இன்னொரு நாள் பிற்பகலை முழுசாக ஹைலிகன்ஷ்டாட்டுக்கு விடுங்கள். சங்க்ட் மார்க்ஸும் மத்திய கல்லறைத் தோட்டமும் 71-ஆம் டிராம் பாதையிலேயே வருவதால் ஒரே மூச்சில் முடிக்கலாம். மோசார்ட் வீடு தவிர மேலே சொன்ன வீடுகள் நகர அருங்காட்சியகத்தின் நிர்வாகத்தில் இருப்பவை, மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை, சின்ன வீடுகளை மதியம் ஒரு மணிக்குச் சாத்திவிட்டு இரண்டுக்குத்தான் திறப்பார்கள். ஷூபர்ட் இறந்த வீடு வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, மராமத்து என்று எதையாவது மாதக்கணக்கில் மூடி வைப்பதும் உண்டு, அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனைச் சொந்தமாகவே எடுத்துப்போங்கள், அங்கே கொடுப்பவற்றில் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும்.