உயிரியல் பட்டத்துக்குப் பிறகு என்ன படிக்கலாம்? லேப் வேலை பிடிக்காதவர்களுக்கு மருத்துவத் துறையில் இடம் உண்டா?

கேள்வி: நுண்ணுயிரியல் இளங்கலை கடைசி ஆண்டில் இருக்கிறேன். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டேன், இடம் கிடைக்கவில்லை. எம்எஸ்சி படி, பொதுச் சுகாதாரம் படி, நேராக பிஎச்டிக்குப் போ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு லேப் வேலையில் மனம் ஒட்டவில்லை. மதிப்பெண்ணும் சுமார்தான். நோயாளிகளுக்குப் பயன்படுகிற வேலைக்குப் போக எதைப் படிக்க வேண்டும்? பிஎச்டி கட்டாயமா?

பதில்:

லேப் ஒத்துவரவில்லை, நோயாளிகளுக்குப் பயன்பட வேண்டும். இந்த இரண்டும் உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு யோசனை சொல்பவர்கள் எல்லோரும் படிப்பின் பெயரில் தொடங்குகிறார்கள். நீங்கள் வேலையில் தொடங்குங்கள். காலையில் போய் உட்கார்ந்தால் மாலைவரை கை என்ன செய்யும், மூளை எதை யோசிக்கும் என்று பார்த்து வேலையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வேலையில் இருப்பவர்கள் என்ன படித்துவிட்டு வந்தார்கள் என்று அதன்பிறகு விசாரியுங்கள்.

நான் உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு மருந்துப் பாதுகாப்புக்கு வந்தேன். பார்மகோவிஜிலன்ஸ் என்பார்கள். படிக்கும்போது இப்படி ஒரு துறை இருப்பதாக வகுப்பில் யாரும் சொன்னதில்லை. உயிரியல் மாணவர்களுக்குக் கண்ணில் படுவதெல்லாம் ஆசிரியர் வேலையும் ஆய்வக வேலையும்தான். ஆனால் ஒரு மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேரும் வழி ரொம்ப நீளம். மூலக்கூறைக் கண்டுபிடிப்பது அதில் முதல் கட்டம் மட்டுமே. அப்புறம் விலங்குகளில் சோதிக்க வேண்டும். பிறகு மனிதர்களில் மூன்று கட்டப் பரிசோதனை. முதல் கட்டத்தில் பொதுவாக 20 முதல் 100 பேர், மூன்றாம் கட்டத்தில் சில நூறு பேரிலிருந்து சில ஆயிரம் பேர்வரை இருப்பார்கள். அந்தத் தரவுகளை எல்லாம் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உட்கார்ந்து படிக்கும். அனுமதி கொடுத்து மருந்து கடைக்கு வந்தபிறகும் கண்காணிப்பு நிற்காது. இந்த வழியில் எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும் உயிரியல் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட கட்டங்களில், லேபில் திரவம் அளக்கும் பிப்பெட்டைத் தொடவே வேண்டாம்.

எங்கள் வேலை எப்படியிருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். மூட்டுவாதத்துக்கான புதிய மருந்து ஒன்றின் பரிசோதனையில் சேர்ந்திருக்கும் 58 வயதுப் பெண், உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலுமாக மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று ஒரு அறிக்கை வருகிறது. அறிக்கை நாலே வரி. மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆனாலே அது தீவிர விளைவு என்ற கணக்கில் வந்துவிடும். உடனே கேள்விகள் தொடங்கும். மருந்து ஆரம்பித்து எத்தனை நாளில் தடிப்பு வந்தது? வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? விசாரித்தால், மூன்று வாரமாகப் பரிசோதனை மருந்து எடுக்கிறார், ஐந்து நாளைக்கு முன்னால் சிறுநீர்த் தொற்றுக்காக வேறொரு டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று தெரிகிறது. இப்போது சந்தேகப்பட இரண்டு மருந்து. தோலில் வரும் ஒவ்வாமைகளில் சில, மருந்து தொடங்கி ஓரிரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் புதிதாக வந்த ஆன்டிபயாட்டிக்கின் மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. கல்லீரல் என்சைம்கள் ஏறியிருக்கின்றனவா? ஒவ்வாமையின்போது கூடும் இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் ரத்தத்தில் ஏறியிருக்கின்றனவா? எந்த மருந்தை நிறுத்தினார்கள், நிறுத்தியதும் தடிப்பு அடங்கியதா? இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் அந்தத் தடயமும் போய்விடும். இதற்கு நடுவே, அந்தப் பெண்ணுக்குப் போனது உண்மையான மருந்தா, வெற்று மாத்திரையா என்பதே அவருடைய மருத்துவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பரிசோதனையின் அமைப்பே அப்படி.

இதற்கெல்லாம் கெடு உண்டு. மருந்தால் வந்திருக்கலாம் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்து, அதுவரை அந்த மருந்துக்கு எதிர்பார்க்கப்படாத விளைவாகவும் இருந்தால், சர்வதேச வழிகாட்டு நெறிகளின்படி மரணம் அல்லது உயிராபத்து என்றால் 7 நாளுக்குள் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றத் தீவிர விளைவுகளுக்கு 15 நாள். அந்த நாலு வரியை ஒரு மருத்துவர் படித்து முடிவெடுக்கக்கூடிய முழு விவரமாக மாற்றுவதுதான் எங்கள் வேலை. நோயெதிர்ப்பியல், மருந்து உடலில் சிதையும் விதம், உறுப்புகளின் இயக்கம், இதெல்லாம் தெரியாமல் ஒரு கேள்விகூட உருப்படியாகக் கேட்க முடியாது. படித்த உயிரியல் ஒரு துளியும் வீணாகாத வேலை என்று மனதாரச் சொல்வேன்.

இந்தத் துறையின் அருமை தெரிய வேண்டுமானால் பிரான்சிஸ் கெல்சியைப் பற்றிப் படியுங்கள். மருந்தியலில் பிஎச்டியும் அப்புறம் மருத்துவப் பட்டமும் பெற்றவர். 1960இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் சேர்ந்ததும் தாலிடோமைடு மருந்துக்கான விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த தூக்க மருந்து. பாதுகாப்புத் தரவு போதாது என்று கெல்சி மறுபடி மறுபடி திருப்பி அனுப்பினார். அந்த மருந்தால் நரம்பு பாதிக்கப்படுவதாக ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கடிதம் வந்ததும் அவருடைய சந்தேகம் இன்னும் உறுதியானது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டதால் குழந்தைகளுக்கு வந்த பிறவிக் குறைபாடுகள் பற்றிய செய்தி 1961இன் இறுதியில்தான் வெளியே வந்தது. உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். கெல்சி கையெழுத்துப் போடாததால் அமெரிக்காவில் அந்த மருந்து அப்போது விற்பனைக்கே வரவில்லை. கோப்பைப் படித்துக் கேள்வி கேட்கும் வேலையும் நோயாளிக்குச் செய்யும் வேலைதான்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள். எந்த மேற்படிப்பு எடுத்தாலும் சரி. உயிரியல் மாணவர்களில் பலர் கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் உயிரியலுக்கு வந்தோம் என்பார்கள். அந்தப் பயத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்குத் திறக்கும் கதவுகள் அதிகம். மருந்துப் பரிசோதனை, நோய்ப்பரவலியல், மரபணுத் தரவு எல்லாவற்றுக்கும் அடியில் புள்ளியியல்தான் ஓடுகிறது. ஆர் என்ற மென்பொருள் இலவசம். ஒரு தரவுத் தொகுப்பை எடுத்துச் சுத்தம் செய்து, வரைபடம் போட்டு, ஒரு கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்கு அதில் பழகினாலே நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

மருத்துவம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். அவரும் மருத்துவர் ஆக நினைத்தவர்தான். முதல் உலகப் போரில் பணியாற்றும்போது காசநோய் வந்துவிட்டது. மருத்துவப் படிப்பு கைநழுவியது. நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த காலத்தில் அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு மருத்துவப் புள்ளியியலுக்கு வந்தார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனையின் வடிவமைப்பு அவருடையது. காசநோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை எந்த மருத்துவரின் விருப்பத்துக்கும் விடாமல், மூடி முத்திரையிட்ட உறைகள் தீர்மானித்தன. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். தன்னுடைய மருத்துவக் கனவைக் கலைத்த அதே நோய்க்கு மருந்து வேலை செய்கிறது என்று அவரால் உலகத்துக்குக் காட்ட முடிந்தது. இன்றைக்கும் மருந்துப் பரிசோதனைகள் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆய்வையும் வெளியிட்டார். மருத்துவர் பட்டம் இல்லாமல் இத்தனை உயிர்களுக்குப் பயன்பட்டவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பொதுச் சுகாதார முதுகலை நல்ல படிப்பு. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சில இடங்களில் நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் கனமாகச் சொல்லித்தருவார்கள், சில இடங்களில் நிர்வாகமும் கொள்கையும்தான். பாடத்திட்டத்தை வாங்கி வரி வரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நோயாளியோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் மரபணு ஆலோசனை (பரம்பரை நோய்கள் பற்றிக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை), உணவியல், பேச்சுச் சிகிச்சை போன்றவை இருக்கின்றன. மரபணு ஆலோசனைக்கென்று முதன்முதலில் முதுகலைப் படிப்பு தொடங்கியது 1969இல், அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில். இந்த வகைப் படிப்புகளில் ஒரு எச்சரிக்கை. பல நாடுகளில் இவற்றுக்கு உரிமமோ பதிவோ தேவை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் உரிமத் தேர்வெழுதவே விடமாட்டார்கள். ஒரு நாட்டில் வாங்கிய உரிமம் இன்னொரு நாட்டில் பெரும்பாலும் அப்படியே செல்லாது. பணம் கட்டுவதற்கு முன்னால், எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அந்த நாட்டின் பதிவு அமைப்பின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

சரி, பிஎச்டி. சொந்தமாக ஓர் ஆய்வுக் குழுவை நடத்த வேண்டும், என்ன கேள்வியை ஆராய்வது என்பதை நானே தீர்மானிக்க வேண்டும் என்றால் பிஎச்டி தேவை. மருந்து கண்டுபிடிப்பில் தலைமைப் பொறுப்புகளுக்கும் பெரும்பாலும் கேட்பார்கள். பரிசோதனைக் கண்காணிப்பு, தரவு மேலாண்மை, மருந்துப் பாதுகாப்பு, தரக் கட்டுப்பாடு ஆகியவற்றில் நுழைய முதுகலை போதும், சில வேலைகளுக்கு இளங்கலையே போதும். விதிவிலக்குகளும் பெரிதாகவே உண்டு. கெர்ட்ரூட் எலியன் வேதியியலில் முதுகலையோடு நின்றவர். பகுதி நேரமாக பிஎச்டி செய்துகொண்டிருந்தவரிடம் வேலையை விட்டுவிட்டு முழு நேரம் வரச் சொன்னார்கள், அவர் வேலையைத் தேர்ந்தெடுத்தார். ரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோப்யூரினும், உறுப்பு மாற்றுச் சிகிச்சையைச் சாத்தியமாக்கிய அசதயோப்ரினும் அவர் பங்கெடுத்த ஆராய்ச்சியில் வந்தவை. 1988இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் காலம் வேறு, அதே வழி இன்று திறந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டம் இல்லாததால் அறிவு குறைந்துவிடாது என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

லேப் பிடிக்காமல், வேறு வழி தெரியவில்லை என்பதற்காக பிஎச்டிக்குப் போகாதீர்கள். ஐரோப்பாவில் மூன்று நான்கு ஆண்டு, அமெரிக்காவில் ஐந்து ஆறு ஆண்டு ஆகிற படிப்பு. லேப் இல்லாத பிஎச்டியும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோய்ப்பரவலியல், உயிரியல் புள்ளியியல், உயிர்த் தகவலியல் எல்லாம் கணினி முன்னால் நடக்கும் ஆய்வுகள்.

என்றாவது ஒருநாள் பிஎச்டிக்குப் போவதாக இருந்தால், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டி யார் என்பதைத்தான் அலச வேண்டும். நல்ல கைடு அமைந்தால் சாதாரண இடத்தில்கூடச் சிறப்பாக வளரலாம். கைடு சரியில்லாமல் போய், கெட்டிக்கார நண்பர்கள் பாதியில் விட்டுவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன், இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது. சேருவதற்கு முன் அந்தக் குழுவின் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள், கைடு கூட இல்லாத நேரத்தில். கடைசியாக முடித்தவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று, பாதியில் போனவர்கள் உண்டா, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, எழுதிக் கொடுத்ததை எவ்வளவு நாளில் படித்துத் திருப்பித் தருவார், விடுமுறை கேட்டால் முகம் எப்படி மாறும் என்றெல்லாம் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து வெளியே போனவர்களையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள், அவர்கள் இன்னும் மனம் திறந்து பேசுவார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பல நாடுகளில் அறிவியல் பிஎச்டிக்கு உதவித்தொகை கிடைக்கும், முதுகலைக்குப் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஆகவே கடன் வாங்கி முதுகலை படிக்கும் முன், அந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கல்லூரியிடம் விவரம் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

மதிப்பெண் சுமார் என்பதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். சேர்க்கைக்கு மதிப்பெண் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் துறையில் ஆள் எடுக்கும்போது நான் கவனித்தவரை, ஒரு விஷயத்தைக் குழப்பமில்லாமல் எழுதத் தெரிந்தவருக்குத்தான் முதலிடம். அதற்கு இந்தக் கடைசி ஆண்டிலேயே தயாராகலாம். கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் என்ற பொதுப் பதிவேடு 2000 முதல் இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களுக்கு அக்கறையுள்ள ஒரு நோயை எடுத்து, அதற்கான பரிசோதனை ஒன்றைத் திறந்து படியுங்கள். யாரைச் சேர்க்கிறார்கள், யாரை விலக்குகிறார்கள், எதை வைத்து மருந்து வென்றது என்று முடிவு செய்யப் போகிறார்கள் என்று பார்த்து, ஒரு பக்கத்துக்கு உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். கர்ப்பிணிகளை ஏன் விலக்கினார்கள், ஏன் 12 வாரம், ஏன் 24 வாரம் இல்லை என்று உங்களுக்கே கேள்விகள் முளைக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் வாருங்கள். நாலு பரிசோதனை படித்தும் கொட்டாவிதான் வருகிறது என்றால் பொதுச் சுகாதாரமோ மரபணு ஆலோசனையோ உங்களுக்குப் பொருந்தலாம், அந்த வேலையில் இருப்பவர்களைத் தேடிப் பேசுங்கள். எழுதிய பக்கத்தை இங்கேயே பின்னூட்டத்தில் போட்டாலும் படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.