திருடன் யாரென்று தெரிந்துவிட்டது, இனி எதற்குப் படிக்க வேண்டும்?

கேள்வி: என் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், துப்பறியும் கதைப் பைத்தியம். வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலைக் கையில் கொடுத்து, "இதைப் படிக்காம துப்பறியும் கதை படிச்சேன்னு சொல்லாதே" என்கிறார். வேலைக்குப் போகும்போது மின்சார ரயிலில் ஆரம்பித்தேன். ஒரு கிழவர் தன் சொந்தக் கதையையே அளந்துகொண்டிருக்கிறார், அறுபது பக்கம் போயும் திருட்டு நடக்கவில்லை. போதாததற்கு, வைரத்தை எடுத்தது யார் என்று தம்பி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு உடைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா, "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்கிறார். படிக்கத்தான் வேண்டுமா?
— பெயர் வேண்டாம், அம்பத்தூர்

பதில்: படியுங்கள். ஆனால் இப்போது படிக்கிற மாதிரி வேண்டாம்.

உங்கள் பொறுமை நியாயமாகவே போயிருக்கிறது. வைரம் காணாமல் போனது தெரியவருவதே பதினோராம் அத்தியாயத்தில்தான். இன்றைய எழுத்தாளர் யாராவது இப்படிச் செய்தால் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். காலின்ஸ் இதை வாரப் பத்திரிகைத் தொடராக எழுதினார். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழில் 1868 ஜனவரியில் தொடங்கி ஆகஸ்டு வரை வந்தது. அன்றைய வாசகர்கள் இந்தக் கிழவரை வாரம் ஒருமுறைதான் சந்தித்தார்கள். நீங்கள் ஒரே மூச்சில் அறுபது பக்கம் ஓடியிருக்கிறீர்கள். அம்பத்தூர் ஏறி சென்ட்ரல் இறங்குவதற்குள் ஒரு அத்தியாயம், அதோடு மூடி வையுங்கள். தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இது சொல்லித் தர வேண்டிய வித்தை இல்லை.

அடுத்து அந்தக் கிழவர். கேப்ரியல் பெட்டரெட்ஜ், எழுபது தாண்டிய வீட்டு நிர்வாகி. எந்தச் சங்கடம் வந்தாலும் ராபின்சன் குரூசோ நாவலைப் பிரித்துக் குறி பார்ப்பார், அப்படியே ஆறு பிரதிகளைக் கிழித்தவர். தனக்கு வீட்டுவேலை செய்த பெண்ணுக்கு வாராவாரம் சம்பளம் தருவதைவிடக் கல்யாணம் செய்துகொண்டால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டுத் தாலி கட்டியவர், அதை வெட்கமில்லாமல் நம்மிடமே சொல்கிறவர். கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டுத் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே என்று அவரே அலுத்துக்கொள்கிறார்! அவர் பேச்சைத் தடங்கல் என்று நினைத்துப் புரட்டினால் புத்தகம் போச்சு. இந்த நாவல் முழுக்கவே வாக்குமூலங்களின் கட்டு. ஒவ்வொருவரும் தான் பார்த்ததை மட்டும் எழுதித் தருகிறார்கள், பார்க்காததைச் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் சாட்சி எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் சாட்சியத்தை எடைபோட முடியாது. கிழவருக்குத் தன் எஜமானியின் குடும்பத்தின் மேல் உயிர். அந்தப் பாசம் அவர் கண்ணை எங்கே மறைக்கிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். எனக்கு விசாரணையைவிட அதுதான் சுவாரசியம்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில், திருட்டைத் துப்பறிய சார்ஜென்ட் கஃப் என்ற போலீஸ் அதிகாரி வருகிறார். ஒல்லியான மனிதர். வந்ததும் வைரத்தைப் பற்றிப் பேசாமல், ரோஜாத் தோட்டத்து நடைபாதையில் சரளைக்கல் போடலாமா, புல் வளர்க்கலாமா என்று தோட்டக்காரருடன் சண்டைக்குப் போகிறார். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து இது அதிக தூரமில்லை.

முன்கதையைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பிப் போங்கள். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த நாள். திப்பு சுல்தானின் ஆயுதக் கிடங்கில் ஓர் ஆங்கில அதிகாரி காவலர்களைக் கொன்று இந்த வைரத்தை எடுக்கிறார். வைரம் கற்பனை, முற்றுகை நிஜம். அந்தப் படை ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் வேலூரிலிருந்து கிளம்பிய மதராஸ் படை. ஓமந்தூரார் தோட்டத்தில் இன்று ராஜாஜி மண்டபம் என்கிறோமே, அந்தக் கட்டடம் எழுந்ததே திப்புவை வென்றதன் நினைவாகத்தான். அதன் படிக்கட்டைத் தினம் கடந்து போகிற சென்னைக்காரருக்கு, லண்டன் வாசகருக்குக் கிடைக்காத ஒரு கோபம் இந்த நாவலில் கிடைக்கும். வைரத்தைத் தேடி மூன்று பிராமணர்கள் வித்தைக்காரர் வேடத்தில் வருகிறார்கள். அவர்களைப் பற்றிப் பாத்திரங்கள் பேசும் பேச்சில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் திமிர் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் திருடன் யார் என்று காலின்ஸ் முன்கதையிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்.

சரி, தம்பி செய்த வேலைக்கு வருகிறேன். அவன் சொன்ன பெயர் சரியா என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, மற்ற வாசகர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். ஒன்று மட்டும் சொல்லலாம்: இந்தக் கதையில் ஒரு பெயரைச் சொல்லி விடையை முடித்துவிட முடியாது. எப்படி, எந்த நிலைமையில் என்பதுதான் புதிர், அது ஒரு வரி வாட்ஸ்அப் செய்தியில் அடங்காது. பெயர் தெரிந்து படிப்பதில் ஒரு லாபமும் உண்டு. நம் கண்ணெதிரே ஆசிரியர் உண்மையை எங்கெல்லாம் வைத்துவிட்டுப் போகிறார் என்பது தெரியும். உங்கள் அப்பா இதை எத்தனையாவது தடவை படிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்பு கையில் கிடைத்தால் வாங்காதீர்கள். அவற்றில் முதலில் வெட்டுப்படுவது பெட்டரெட்ஜின் பேச்சுதான். அப்பாவின் பிரதியில் எழுத்து பொடியாக இருந்தால், பதிப்புரிமை முடிந்த நூல் என்பதால் முழு வடிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் "முடிச்சுட்டேன்" என்று பொய் சொல்ல வேண்டாம், மாட்டிக்கொள்வீர்கள். "பெட்டரெட்ஜ் அறுக்கிறார்ப்பா" என்றே சொல்லுங்கள், அதற்கு அவர் கொடுக்கும் பதிலுக்காகவாவது இன்னும் பத்துப் பக்கம் படிப்பீர்கள். அப்புறம் தம்பி உண்மையிலேயே இதைப் படித்தானா, எங்காவது கதைச்சுருக்கம் பார்த்தானா என்று எனக்குச் சந்தேகம். மிஸ் கிளாக் எப்படி என்று அவனைக் கேளுங்கள். அடுத்தவர் வீட்டு சோபா மெத்தைக்கடியில், குளியலறையில், மேலங்கிப் பையில் எல்லாம் பக்திப் பிரசுரங்களை ஒளித்து வைத்துவிட்டுப் போகிற அந்த அம்மாளைப் படித்தவன் யாரும், வாட்ஸ்அப்பில் முதலில் வைரத்தைப் பற்றி எழுத மாட்டான்.